உப்பளத்து நரியும் கப்பலில் வந்த வேட்டைநாயும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து, ஐஸ் உடைக்கும் சத்தம் ஓய்ந்து, கூடைக்காரப் பெண்கள் பஸ் ஏறிப் போய்விட்ட பிறகு, வலையைப் பழுதுபார்க்கும் பெரியவர்கள் மட்டும் படகின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் முற்பகல் வேளையில், உலகத்திலுள்ள எந்த விஷயமும் அங்கே விவாதத்துக்கு வந்துவிடும் என்பதை அந்தப் பக்கம் பழகியவர்கள் அறிவார்கள். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அப்படி வந்த விஷயம் நாய்ச் சண்டை. எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் குடியிருக்கும் பையன் ஒருவன், தான் உயிராக வளர்க்கும் ராஜபாளையத்து நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். பால் வெள்ளை உடம்பும், ரோஜா நிறத்து மூக்கும், ஒட்டிய வயிறுமாக அது நின்ற அழகைப் பார்த்த ஒருவர், காட்டிலுள்ள செந்நாயும் இதுவும் மோதினால் எது ஜெயிக்கும் என்று கேட்டுவிட்டார். "எம் புள்ளதான் ஜெயிக்கும்" என்றான் பையன். வலையூசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே, "செந்நாய் ஒண்டியாவா வரும் தம்பி? அத்து கூட்டமாத்தான் வரும். உன் நாய்க்குப் பின்னால யாரு கீறாங்க? நீ ஒருத்தன்தான் கீற" என்றார்.

அந்தப் பதில் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. காட்டுப் பிராணிக்கும் வீட்டு நாய்க்கும் யுத்தம் நேர்ந்தால் வெற்றி யாருக்கு என்ற கேள்வியை வீண்பொழுது என்று தள்ளிவிடுவோர் உண்டு. நான் தள்ள மாட்டேன். ஏனெனில் இந்தச் சென்னைக் கரையில் அந்தக் கேள்வி கற்பனையாக மட்டும் இருந்ததில்லை. கப்பலில் நாய்களை வரவழைத்து, குதிரை மீதேறி, நம்முடைய நரிகளின் மேல் அவற்றை ஏவி, தலைமுறை தலைமுறையாக அதைச் சோதித்துப் பார்த்த ஒரு சரித்திரம் இங்கே உண்டு. அதன் முடிவு, சோதித்தவர்கள் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

முதலில் பெயர்களைத் தெளிவு செய்துகொள்வது நலம். நம் தேசத்துக் காட்டு நாய்க்குடும்பத்தில் சாதாரணமாகக் கேள்விப்படுபவை நான்கு: ஓநாய், செந்நாய், நரி, நரியினும் சிறிய குள்ளநரி. பேச்சு வழக்கில் பின்னிரண்டும் பெயரை மாற்றிக்கொள்வது உண்டு. செந்நாய் மேற்கு மலைக்காடுகளின் பிரஜை. ஓநாய் வறண்ட மேய்ச்சல் வெளிகளின் பிரஜை. கடற்கரைக்கும் கழிமுகத்துக்கும் உரியது நரி. எட்டு முதல் பத்து கிலோ எடைதான். வாட்டசாட்டமான தெருநாய் அதைவிடக் கனமாக இருக்கும். நண்டு, எலி, செத்த மீன், இலந்தைப் பழம் என்று எது கிடைத்தாலும் தின்று ஜீவிக்கும் அதற்கு, எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றிய உப்பளங்களும், பனங்காடும், சவுக்குத் தோப்பும், 1806-இல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் சென்னையை எண்ணூரோடு இணைத்து, பின்னர் 1878-இல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் மாறிய அந்த நீர்வழியின் புதர் மண்டிய கரைகளும் ஏற்ற வாசஸ்தலங்கள். என் பால்யத்தில், ஆலையில் இரண்டாம் ஷிப்டு முடிந்து நடுநிசிக்கு மேல் வீடு திரும்பும் தகப்பனாருக்காக விழித்திருக்கும் இரவுகளில், வடக்கே அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து காற்றில் மிதந்து வரும் ஊளை ஒன்று கேட்கும்; உடனே எங்கள் தெருநாய்கள் எல்லாம் எழுந்து நின்று குரைக்கும்; ஆனால் ஒன்றாவது தெருமுனையைத் தாண்டிப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி, கப்பலில் வந்த நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குதிரை ஏறி, நாய்க்கூட்டத்தை முன்னே விட்டு நரி வேட்டையாடுவது பிரபுக்களின் வினோதம். அந்தப் பழக்கத்தை விட முடியாத கும்பினி உத்தியோகஸ்தர்களும் ராணுவத் துரைமார்களும், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சென்னைப் பட்டணத்தில் ஒரு வேட்டைச் சங்கத்தை நடத்தி வந்தார்கள். கிண்டி, பரங்கிமலைப் பக்கத்துப் பொட்டல்கள் அவர்களுடைய களம். அவர்கள் ஊரில் உள்ள செந்நிற நரி இங்கே இல்லை. ஆகையால் நம்முடைய நரியே அதற்குப் பிரதிநிதி ஆயிற்று. நாய்கள் மட்டும் அசல் சீமை ஜாதியாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐந்தாறு மாதங்கள் கப்பலில் அடைபட்டு வந்த அந்த ஜீவன்கள், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு மாதக் கணக்கிலிருந்து வாரக் கணக்கிற்குத் தங்கள் சிறைவாசம் குறையப் பெற்றன. ஆனால் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியதே 1875-இல்தான். அதற்கு முன்னெல்லாம் கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, கோட்டைக்கும் ராயபுரத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஆளும் சரக்கும் மிருகமும் மசூலாப் படகில்தான் இறங்கியாக வேண்டும். ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை வந்து மோதும்போது வளைந்து கொடுக்கும். சீமையில் பனிப்புல்லில் ஓடிப் பழகிய நாய்கள், அந்தப் படகில், நம் மீனவரின் துடுப்புப் பாட்டுக்கு நடுவே, அலை வரிசைகளைக் கடந்து சுடுமணலில் கால் வைத்த கணத்தை நான் பலமுறை மனத்தில் கண்டிருக்கிறேன். பிறந்த பூமியின் வாசனை எதுவும் இல்லாத ஒரு காற்றை அவை மோந்து பார்த்திருக்கும்.

வேட்டை நடந்த முறையைப் பார்த்தால், அதைச் சண்டை என்று சொல்ல நா எழவில்லை. சூரியன் ஏறினால் தரையின் ஈரம் உலர்ந்து மோப்பம் மறைந்துவிடும். ஆகவே கருக்கலிலேயே கூடுவார்கள். நாய் ஒவ்வொன்றும் ஏறத்தாழ முப்பது கிலோ கனம். இருபது, முப்பது நாய்கள் ஒரு கூட்டம். எதிரே பத்து கிலோ நரி ஒன்று. பின்னால் குதிரைகள், கொம்பு ஊதுவோர், சாட்டைக்காரர். நரி ஓடும், பொட்டலைத் தாண்டி, பனங்காட்டுக்குள் நுழைந்து, வாய்க்காலில் இறங்கி மோப்பத்தை அறுத்து, முடிந்த மட்டும் ஓடும். அகப்பட்டுக்கொண்ட பிறகு அதன் கடைசி உபாயம் செத்ததுபோல் கிடப்பது. நாயும் ஆளும் இறந்துவிட்டதென்று விட்டு நகர்ந்ததும், இதுவரை பிரேதமாகக் கிடந்தது எழுந்து ஓடியதைப் பற்றி அக்காலத்து வேட்டைக்காரர் எழுதி வைத்த விருத்தாந்தங்கள் பல. அவர்கள் அதை நரியின் வஞ்சகம் என்று ரசித்து எழுதினார்கள். பஞ்சதந்திரத்திலிருந்து பாட்டி கதை வரை நாமும் நரியை வஞ்சகன் என்றே சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு அதில் வஞ்சகம் தெரியவில்லை. கால் ஒன்று ஒடிந்தால் நாளைக்கு இரை இல்லை, புண் ஒன்று சீழ்ப்பிடித்தால் மருந்து இல்லை என்ற நிலையில் வாழும் பிராணி, சண்டையைத் தவிர்ப்பதற்காகத் தன்னிடம் உள்ள சாமர்த்தியம் முழுவதையும் செலவு செய்கிறது, அவ்வளவுதான்.

செந்நாயின் காரியமும் இதுவே. 1895-இல் வெளிவந்த தம்முடைய இரண்டாவது காட்டுப் புத்தகத்தில், கிப்ளிங் தட்சிணத்துச் செந்நாய்ப் படையை ஓநாய்க் கூட்டத்தின் மேல் ஏவிவிட்டு, உலகத்துச் சிறுவர்கள் எல்லாருடைய மனத்திலும் அதை ஓர் இரத்தவெறி கொண்ட சேனையாகப் பதித்துவிட்டார். பிரிட்டிஷ் ஆட்சியில் செந்நாயைக் கொன்றவர்களுக்கு சர்க்கார் சன்மானம் கொடுத்ததும் அந்த மனப்பான்மையைத்தான் காட்டுகிறது. ஆனால் நீலகிரியில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து கவனித்த குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதாரும், 1970-களில் பந்திப்பூர்க் காட்டில் அவற்றை ஆராய்ந்த நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் கண்ட செந்நாய் வேறு. பன்னிரண்டிலிருந்து இருபது கிலோ எடை. நாய்க்கு நாற்பத்திரண்டு பல் என்றால் இதற்கு நாற்பது. குரைக்கத் தெரியாது, சீழ்க்கை போன்ற குரலில் கூட்டாளியை அழைக்கும். தனித்து நின்றால் ராஜபாளையத்து நாயைவிட உருவத்தில் சிறியது. அதன் பலம் தாடையில் இல்லை. ஒன்று முன்னே விரட்ட, ஒன்று பக்கவாட்டில் மறிக்க, ஒன்று நீர்நிலையின் கரையில் காத்திருக்கும் அந்த ஒற்றுமையில் இருக்கிறது. குட்டி ஈன்றவளுக்குக் கூட்டம் முழுவதும் இரை கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும். அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு நாயின் எதிரில் நிறுத்தி, எது ஜெயிக்கும் என்று கேட்பது, நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரரை மட்டும் தனியே வாசிக்கச் சொல்வதற்குச் சமானம்.

நம் நாட்டு ஜாதி நாய்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தென்பாண்டிச் சீமையும் அதன் மலையடிவாரமும் போற்றி வளர்த்த ஜாதிகள் ஓட்டத்திலும் விசுவாசத்திலும் எந்தச் சீமை நாய்க்கும் இளைத்தவை அல்ல. 2005-இல் அஞ்சல் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது கண்டு நான் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் இவற்றை உருவாக்கியவன் மனிதன். இவற்றின் சினமும் அவன் கொடுத்ததே. முயலுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று அவனவன் தேவைக்கு ஏற்பக் குட்டிகளைத் தெரிந்தெடுத்தான். இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து நாயை ஏவும் கொடுமை 1835-இல் சட்டத்தால் நின்றபோது, அதற்கென வளர்த்த நாயையும் டெரியரையும் கலந்து, குழியில் நாயோடு நாயே மோதுவதற்கென்று ஒரு ஜாதியை உண்டாக்கினார்கள். இன்று பிட்புல் என்று நம் தெருப் பையன்கள் வாயில் புழங்குவது அதன் சந்ததி. காயம் பட்டும் பின்வாங்காமை அதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. காட்டில் அந்தக் குணத்தோடு பிறந்த குட்டி ஒரு வருஷம் தாண்டாது. வீட்டில் அது தாண்டுகிறது; ஏனெனில் சோறு வைக்க ஒரு கை இருக்கிறது, புண்ணுக்கு மஞ்சள் தடவ ஒரு கை இருக்கிறது.

திருவொற்றியூரில் பிறந்தவனாகையால் எனக்கு இங்கே பட்டினத்தார் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அவர் சமாதி எங்கள் ஊர்க் கடற்கரையோரம் இருக்கிறது. சிறுவயதில் அதன் திண்ணையில் நாங்கள் விளையாடியதுண்டு. ராஜ்யத்தைத் துறந்து அவருக்குச் சீடரான பத்திரகிரியார், திருவிடைமருதூர்க் கோயிலின் ஒரு வாசலில் ஓடேந்தி அமர்ந்திருந்தாராம். ஒட்டிக்கொண்ட நாய் ஒன்று கூடவே இருந்ததாம். பிச்சை கேட்டு வந்தவனிடம் பட்டினத்தார், "அதோ அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்" என்று அனுப்பினாராம். ஒரு சட்டியும் ஒரு நாயும் இருந்துவிட்டால் மனிதன் குடும்பஸ்தன் ஆகிவிடுகிறான். கதையைச் சொல்லும் பௌராணிகர்கள் துறவியின் பக்கம் நின்றே சொல்வார்கள். நாயின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது: சம்சாரி ஆனது மனிதன் மட்டுமல்ல, நாயுந்தான். அதற்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டது. காப்பதற்கு ஒரு வாசல் கிடைத்த பிராணி சண்டைக்கு நிற்கும். வாசல் இல்லாத நரிக்கு நிற்பதற்கு இடமும் இல்லை, காரணமும் இல்லை.

இப்போது சென்னை வேட்டைச் சங்கத்து நாய்களிடம் திரும்ப வேண்டும். ஏனெனில் என் கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. அந்த நாய்கள் நரியின் பல்லால் செத்தவை அல்ல. அவை வேறு விதமாக மடிந்துகொண்டிருந்தன. காய்ச்சல் வரும், ஈறும் நாக்கும் வெளுக்கும், ஓடிய நாய் நடக்கும், நடந்த நாய் படுக்கும். இந்திய வைத்திய சர்வீஸைச் சேர்ந்த டாக்டர் வால்டர் ஸ்காட் பாட்டன், கிண்டியிலுள்ள கிங் ஆராய்ச்சிசாலையில் பணிபுரிந்த காலத்தில், சென்னை வேட்டைச் சங்கத்து நாய்களின் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்து, சிவப்பணுக்களின் உள்ளே அதுவரை யாரும் வர்ணிக்காத ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டார். பிறகு நரியின் இரத்தத்தைப் பார்த்தார். அங்கேயும் அது இருந்தது. 1910-இல் பாரிஸ் நகரத்து வைத்திய சஞ்சிகை ஒன்றில் அவர் எழுதிய அறிக்கையின் தலைப்பே, சென்னை வேட்டைச் சங்கத்து நாய்களின் இரத்தத்தில் கண்டதும் பின்னர் நரியின் இரத்தத்தில் கண்டதுமான புதிய உயிர் என்று சொல்கிறது. பபீசியா கிப்ஸோனி என்று இன்றைய விஞ்ஞானம் அதை அழைக்கிறது. ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்கு அதைச் சுமந்து செல்வது உண்ணி. எள்ளளவு உண்ணி. முப்பது கிலோ நாயை, இருபது குதிரையை, கொம்பு ஊதும் துரையை எல்லாம் எதிர்த்து ஓடிய நரியின் காலடிப் புல்லில் அது காத்துக்கொண்டிருந்தது. யுத்தத்தில் யார் ஜெயித்தார் என்று கேட்பவருக்கு நான் இந்த அறிக்கையைத்தான் காட்டுவேன்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அது என்னை மிகவும் கலங்க வைத்தது. அந்த ஒட்டுண்ணி இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. அங்கே அதை மிகுதியாகச் சுமப்பவை எவை என்று ஆராய்ந்தவர்கள் கண்டது, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிட்புல் ஜாதி, ஜப்பானில் தோசா என்னும் சண்டை நாய். உண்ணி இல்லாமலே, கடியிலிருந்து கடிக்கு, காயத்தின் இரத்தம் காயத்தில் கலந்து அது பரவுகிறது. எந்த இரு நாய்களில் எது வலியது என்று பார்ப்பதற்காக மனிதன் குழி வெட்டி மோதவிட்டானோ, அந்தக் குழியே அதற்கு வாகனம் ஆயிற்று. நோய் எதிர்த்திசையிலும் போகும்: ஊர் நாயின் வெறிநோய் 1990-களின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவின் பாலே மலையில் ஓநாய்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது; அந்த ஓநாய்களை வீழ்த்தியது நாயின் பலம் அல்ல, நோய்.

சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் இடைவிடாமல் போராடியதன் பலனாக 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வேடிக்கைக்காக மிருகங்களைச் சண்டைக்குத் தூண்டுவது அதன்படி குற்றம். அது எங்கள் பக்கத்தில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலமும் ஆகும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷிப்டு சங்குகள் மாறி மாறி ஊதின. 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம் புகை விட்டது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. கழிமுகத்துச் சதுப்பில் சாம்பல் படிந்தது. நரி பின்வாங்கியது, நாய் முன்னேறியது. கேட்டில் வாட்ச்மேன் வைக்கும் மிச்சச் சோற்றிலும், மீன் மார்க்கெட்டின் கழிவிலும் வளர்ந்து பெருகிய தெருநாயை, நகரசபை நெடுங்காலம் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. அந்த வண்டியைக் கண்டால் நாங்கள் சிறுவர்கள் நாய்களை வீட்டுக்குள் இழுத்து ஒளித்து வைப்போம். கொல்வதை விட்டுக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யலாம் என்று புளூ கிராஸ் நிறுவனம் 1964-லிருந்தே சொல்லி வந்தும், 1996-இல்தான் அது மாநகராட்சியின் காதில் ஏறியது. புளியந்தோப்பை ஒட்டிய பேசின் பிரிட்ஜ் நாய்க்கூடத்தில் இன்று அந்த வேலைதான் நடக்கிறது.

காசிமேட்டு விவாதம் நடந்து இரண்டு மாதம் கழித்து, பங்குனி வெயிலில், அந்தப் பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நாய் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை என்றான். போய்ப் பார்த்தேன். வெள்ளை நாய்க்கு வெளுப்பு தெரியாது. உதட்டை விலக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு பழைய சுண்ணாம்புச் சுவர் போல் இருந்தது. காதின் உள்மடிப்பில் விரலை விட்டேன். மிளகு மிளகாக உண்ணிகள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேப்பேரிப் பக்கம் ஒரு மருத்துவரிடம் போனோம். காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துத் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துச் சிறிது நேரம் பார்த்த அந்தப் பெண் மருத்துவர், "நீங்களே பாருங்க" என்று விலகிக்கொண்டார். வெளிர்ச் சிவப்பு வட்டங்கள் நிறைய; அவற்றில் சிலவற்றின் உள்ளே ஊதா நிறத்தில் மோதிரம் போல ஒரு சின்னப் புள்ளி. மருந்து கொடுத்தால் தேறிவிடும், ஆனால் உடம்பை விட்டு முழுக்கப் போகாது என்றார்.

பையன் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தான். நரியிலும் இது உண்டு என்று நான் சொன்னதும் நிமிர்ந்து, "நம்மாண்ட இப்போ நரி ஏது சார்?" என்று கேட்டான். அத்திப்பட்டுக்கு அப்பால், காட்டுப்பள்ளிப் பக்கம் யாராவது கேட்டிருக்கலாம் என்றேன். நாய் மேஜை மேல் படுத்தபடியே அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது.